மூன்று வைத்தேன், இரண்டை எடுத்தேன்

தம்பி,

போன வாரத்துக்கு முந்தின வாரம் நீ போனில் ஒன்று கேட்டாய். திருவாரூரில் நீ கட்டுகிற வீட்டில் குளியலறைக்குப் பைப் பதிக்கிற வேலை வந்துவிட்டது, கொத்தனார் ஒன்று சொல்கிறார், பிளம்பர் ஒன்று சொல்கிறார், நீங்கள் வந்து வாட்டம் பார்த்துக் கொடுங்கள் என்றாய். தண்ணீர் தேங்காமல் ஓடத் தரையையும் பைப்பையும் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதுதானே வாட்டம். நாற்பது வருடமாக வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு அது தெரியாதா என்று நீ நினைத்தது நியாயம்தான். நான் "பார்க்கலாம்" என்று சொல்லிப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்கு என்ன கோபம் என்று அவளிடம் கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை. நீ கடைசியாக ஒரு வார்த்தை சொன்னாய் பார், "அகிலாதான்ப்பா சொன்னா, மாமா வந்து பாத்தா சரியா இருக்கும்னு" என்று. அதைக் கேட்டதும்தான் போனைக் கை மாற்றினேன்.

விஷயம் இதுதான். நம் வீட்டில் உன் அறையோடு சேர்த்துக் கட்டிய குளியலறையில் தண்ணீர் போகாமல் நின்றதற்கு உன் பெண்டாட்டி அகிலாவின் முடி காரணம் இல்லை. நான்தான் காரணம். அது எனக்குப் போன குறுவைச் சாகுபடியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதை அவளிடம் சொல்லாமல் உன் புது வீட்டில் நான் கால் வைக்க முடியாது. சொன்ன பிறகு அவள் என்னை உள்ளே கூப்பிடுவாளா என்பதும் எனக்குத் தெரியாது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பார்த்தேன். ஒரு தடவை அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இன்னொரு தடவை நீ எடுக்கவில்லை, அப்பாடா என்று இருந்தது. அதனால்தான் பரணில் கிடந்த உன் காலேஜ் நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்து எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும், கொஞ்சம் பொறுத்துப் படி.

என் சுபாவத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் எனக்கு உடனே ஒரு ஆள் வேண்டும். யார் செய்தது என்று தெரிந்தால்தான் கோபம் அடங்கும். நீ ஒன்பதாவது படித்தபோது நாற்றங்காலில் விட்டிருந்த தண்ணீர் முழுக்க வடிந்துபோய், முளை வந்த விதை வெயிலில் காய்ந்து கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? மடையைச் சரியாக அடைக்காமல் வந்துவிட்டாய் என்று நடவு ஆட்கள் எதிரில் உன்னை அடித்தேன். நீ "அடைச்சேன்ப்பா, அடைச்சேன்ப்பா" என்று அழுதாய். மறுநாள் வரப்பைச் சுற்றி வந்தபோது கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு நண்டு வளை. தண்ணீரெல்லாம் அது வழியாகத்தான் போயிருந்தது. நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் திருவையாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தேன். நீ இலையோடு நக்கித் தின்றாய். அப்பா மன்னிப்புக் கேட்டாகிவிட்டது என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். நண்டு வளை விஷயத்தை இப்போதுதான், இந்தக் கடிதத்தில்தான், முதல் தடவையாக உனக்குச் சொல்கிறேன். அன்றைக்கு நீ மடையை ஒழுங்காகத்தான் அடைத்திருந்தாய்.

இனிக் குளியலறைக்கு வருகிறேன். உன் கல்யாணம் தையில் என்று முடிவானதும் உன் அம்மா பிடித்த பிடிவாதம் உனக்குத் தெரியும். நமக்கெல்லாம் கொல்லையில் கீற்றுத் தட்டி மறைப்பும் சிமெண்டுத் தொட்டியும் போதும், தஞ்சாவூர் டவுனில் வளர்ந்த பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், காலையில் ஏழே காலுக்கு பஸ் பிடிக்கிறவள், அவளைக் கொல்லையில் குளிக்க வைப்பதா என்றாள். சரி என்று கொத்தனார் சாமிநாதனை வைத்து உன் அறைக்குப் பக்கத்தில் கட்ட ஆரம்பித்தோம். அந்த நேரம் பார்த்து சம்பா அறுவடை. ஒரு கால் வயலில், ஒரு கால் வீட்டில் என்று ஓடிக்கொண்டிருந்தேன். பைப்புப் பதித்த அன்றைக்கு சாமிநாதன் சொன்னார், "ஐயா, பைப்பு வாயெல்லாம் மூடி வைக்கணும். சிமெண்டு, மணலு உள்ள போச்சுன்னா பின்னாடி பெரிய வம்பாப் போயிடும். கடையில மூடி இருக்கு, ஒரு மூணு வாங்கிட்டு வந்துடுங்க."

மூடி வாங்கத் திருவையாறு போக வேண்டும். எனக்குப் போக உடம்பு வணங்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம் என் திமிர். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்கிற மடையை எத்தனை வருடமாக அடைக்கிறேன்? உரச்சாக்கில் ஒரு துண்டைக் கிழித்து, நடுவில் வைக்கோலை வைத்துச் சுருட்டி, மண்வெட்டிப் பிடியால் ஒரு இடி இடித்து இறக்கினால் வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் வந்தாலும் அது அசையாது. இந்த மூன்று அங்குலப் பைப்புக்கு மூடி ஒரு கேடா என்று நினைத்துக்கொண்டு மூன்று சுருட்டினேன். கக்கூஸ் பைப்புக்கு ஒன்று, பேசினுக்கு ஒன்று, குளிக்கிற இடத்துத் தரைக்கு ஒன்று. முதல் இரண்டையும் கையால் திணித்தேன். தரையில் இருந்ததை மட்டும் பழக்கதோஷத்தில் மண்வெட்டிப் பிடியால் இடித்துவிட்டேன். அது ஒரு முழத்துக்குக் கீழே, பைப் திரும்புகிற வளைவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே இருந்து பார்த்தால் வெறும் பைப்புதான் தெரியும்.

நாலு நாள் கழித்து, தரையில் தண்ணீர் இறங்குகிற வாய்க்கு டிராப் வைக்கிற அன்று காலையில், பேசினிலும் கக்கூஸிலும் இருந்ததை உருவி எறிந்தேன். தரையைக் குனிந்து பார்ப்பதற்குள் அறுவடை மிஷின் வயலுக்கு வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். அந்த மிஷினுக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம், விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். போட்டது போட்டபடி ஓடினேன். பதினோரு மணிக்கு சாமிநாதன் போன் பண்ணினார். "ஐயா, டிராப்பு வைக்கப் போறேன். அடைச்சதெல்லாம் எடுத்தாச்சுல்ல?" மிஷின் சத்தத்தில் பாதி காதில் விழுந்தது. "எடுத்தாச்சு, எடுத்தாச்சு. நீங்க வைங்க" என்று கத்தினேன். அவர் டிராப்பை வைத்துச் சிமெண்டு பூசி, மேலே டைல்ஸும் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். நான் பொய் சொல்லவில்லை தம்பி. அன்றைக்கு நிஜமாகவே மூன்றையும் எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

கல்யாணம் நடந்தது. அந்தக் குளியலறையில் முதல் முதலில் குளித்தவள் அகிலாதான். முதலில் மெதுவாகப் போன தண்ணீர், அவள் வந்து ஒரு மாதத்திலேயே தேங்க ஆரம்பித்துவிட்டது. குளித்துவிட்டு வந்தால் கணுக்கால் வரை நிற்கும், கால் மணி நேரம் கழித்துத்தான் வடியும். அவளுக்கு அப்போது இடுப்புக்குக் கீழே இறங்கிய சடை. கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசினார்கள். ஓட்டைத் தட்டைத் தூக்கிக் கம்பியை விட்டுச் சுழற்றினால் ஒவ்வொரு தடவையும் கொத்தாக முடி வந்தது. முடி கண்ணுக்கு முன்னால் வருகிறது, வேறு என்ன சாட்சி வேண்டும்? நானும் உன் அம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் ஆரம்பித்தோம். "தலைய வெளிய நின்னு சீவிட்டு அப்புறம் குளிக்கப் போம்மா" என்பாள் உன் அம்மா. அந்தப் பெண் அதையும் செய்தது. உதிர்ந்த முடியை விரலில் சுற்றிக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடும். நான் பார்த்திருக்கிறேன். அப்படியும் தண்ணீர் நின்றது. ஆசிட் ஊற்றினேன், சோடா உப்புப் போட்டு வெந்நீர் ஊற்றினேன், ரப்பர் கப்பை வைத்துக் குத்துகுத்தென்று குத்தினேன். பிளம்பரைக் கூப்பிடலாம் என்று நீ சொன்னபோது, தண்ணீரைப் பற்றி எனக்கு இன்னொருத்தன் வந்து சொல்லித் தர வேண்டுமா என்று உன் மேல் பாய்ந்தேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அந்த வருட ஆடிப் பதினெட்டுக்கு உன் அத்தை குடும்பம், உன் சின்ன தாத்தா குடும்பம் என்று வீடு நிறைய ஆட்கள். ஆற்றுக்குப் போய்விட்டு வந்து ஒவ்வொருத்தராக உன் குளியலறையில் கால் கழுவி, குளித்து, தண்ணீர் நிரம்பி அறைக்குள் வழிந்துவிட்டது. உன் அத்தையின் பட்டுப்புடவை இருந்த பை நனைந்தது. அவள் சத்தம் போட்டாள். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. கூடத்தில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்க, நான் சொன்னேன்: "ஆத்துல அவ்வளவு தண்ணி ஓடுது. இந்த வீட்டுல ஒரு வாளித் தண்ணி ஓட மாட்டேங்குது. எப்படி ஓடும்? மருமக தலையில பாதி பைப்புக்குள்ளதானே இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். உன் அத்தைக்குப் புரையேறிவிட்டது. நீயும் பாதி சிரித்தாய். அப்பா பேச்சுக்கு மகன் சிரித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது, அதற்கு உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். அகிலா எலுமிச்சஞ்சாதப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.  என் இலைக்கு நகர்ந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கவா மாமா?" என்று என்னிடமே கேட்டாள். நானும் வை என்றேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவளைப் பார்த்து உன் அம்மா முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். சடை இல்லை. தோள்பட்டையோடு நின்றது முடி. "என்னம்மா இது, ஆடி மாசமும் அதுவுமா" என்று உன் அம்மா பதறினாள். "வெயிலுக்கு லேசா இருக்கும்னுதான் அத்தை" என்றாள் அவள். உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கோயிலில் முடி காணிக்கை கொடுப்பதற்குக் கூட மூன்று விரல் அளவு வெட்டுகிற வீடு இது.  நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். என் கேலிப் பேச்சால்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் மனதின் ஒரு மூலையில், சரி, இனி தண்ணீர் போகும் என்றும் தோன்றியது. இப்படி ஒரு மனிதன்தான் உன் அப்பா. 

இனிமேல் சொல்லப் போவது உனக்குத் தெரியாது. அது எனக்கும் அகிலாவுக்கும் மட்டும் தெரிந்தது. ஒரு பத்து நாள் போயிருக்கும். நீ வேலைக்குப் போய்விட்டாய், அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. "மாமா, ஒரு நிமிஷம் வாங்க" என்று கூப்பிட்டாள். குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஓட்டைத் தட்டைக் கழற்றி, டிராப்பைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள், ஒரு இழை முடி இல்லை. ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். இரண்டு பேரும் நின்று பார்த்தோம். தண்ணீர் ஏறி அவள் பாதத்தை மூடியது. அப்படியே நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமா, இப்பவும் நிக்குது" என்றாள். அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கணக்கில் எங்கே தப்பு என்று பிள்ளைகளுக்குக் காட்டுவாள் இல்லையா, அப்படிச் சொன்னாள். என்ன பதில் வேண்டும் என்று அவள் காத்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய முடி உள்ள கெடக்கும்மா." சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தக் குளியலறைப் பேச்சையே எடுக்கவில்லை. கொல்லைத் தொட்டியில் குளித்துவிட்டு பஸ்ஸுக்குப் போவாள்.

அடுத்த சித்திரையில் நீங்கள் திருவாரூருக்குக் குடி போனீர்கள். அவளுக்கு அங்கே நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது, உனக்கும் ஆபீஸ் பக்கம் என்றாய். இருக்கலாம். ஆனால் சாமான் ஏற்றிய அன்றைக்கு அவள் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், என்னிடம் வந்து "வரேன் மாமா" என்று மட்டும் சொன்னாள். நீங்கள் போனதும் நான் அந்தக் குளியலறையைப் பூட்டினேன். ஆள் இல்லாத அறைக்குத் தண்ணீர் எதற்கு என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

போன குறுவைக்குத் தண்ணீர் வந்த புதிது. மேலக் கட்டளை வயலில் மடை அடைத்திருந்ததை எடுக்கக் குனிந்தேன். கையை விட்டேன், சாக்கு வரவில்லை. நான் ஒரேயடியாக இடித்து இறக்கியிருந்தேன், கை எட்டவில்லை. முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தக் குளியலறைப் பைப்பு ஞாபகம் வந்தது. மூன்று சுருட்டினேன். பேசின் ஒன்று, கக்கூஸ் ஒன்று. மூன்றாவது எங்கே? வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வயல்காரர் வந்து மயக்கமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு என்றேன், அறுவடை முடியட்டும் என்றேன், தீபாவளிக்கு நேரில் சொல்லலாம் என்றேன். தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது அவள் முடி தோள்பட்டையோடு அப்படியேதான் இருந்தது, அவள் திரும்ப வளர்க்கவே இல்லை. அதைப் பார்த்ததும் வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது. அதிலிருந்துதான் நான் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அரைக் கிலோ அசோகா வாங்கி வந்தேன். "என்னப்பா, எங்களுக்கு சுகர் வர வைக்காம விட மாட்டீங்களா?" என்று நீ கேட்டாய். அகிலா ஒரு ஸ்பூன் சாப்பிட்டு, "நல்லா இருக்கு மாமா" என்பாள். அது எதற்கு வாங்கி வந்தது என்று பாவம் அவளுக்கு எப்படித் தெரியும். நாற்பது வருடமாக இந்த ஊரில் தண்ணீர்த் தகராறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த வீட்டுப் பைப்பில் சாக்கை அடைத்துவிட்டு மருமகள் தலையில் பழி போட்டவன் என்று பேர் வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

நீ போன் பண்ணின மறுநாள் காலையில் திருவையாற்றிலிருந்து பிளம்பர் பாயை வரச் சொன்னேன். பூட்டைத் திறந்தபோது உன் அம்மா அதிசயமாகப் பார்த்தாள். பாய் ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுழற்றினார். கொஞ்ச தூரம் போய் நின்றது. காதைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது முடி இல்லீங்க. முடின்னா கம்பி பூந்துக்கிட்டுப் போயிடும். இது எதையோ போய் முட்டுது" என்றார். வெளியே கழிவுநீர் வந்து விழுகிற சேம்பருக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டி, பைப்பை அறுத்து, அங்கிருந்து கொக்கியை விட்டு இழுத்தார். வந்தது. வைக்கோல் மக்கிப்போய்க் கறுப்பாக ஒழுகியது. சாக்குத் துண்டு மட்டும் போட்டது போட்டபடி, அதன் நீல எழுத்துகூட அழியவில்லை. அதைச் சுற்றி நீள நீளமாக அவளுடைய முடி. உள்ளே போய் ஒரு வாளி ஊற்றினார், மடமடவென்று போய்விட்டது. "எவன் வேலைங்க இது? கொத்தனாரா?" என்று பாய் கேட்டார். ஒரு நொடி, தம்பி, ஒரே ஒரு நொடி, ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "நான்தான் பாய்" என்றேன்.

உன் அம்மா பக்கத்தில்தான் நின்றாள்.  பாய் போனதும் கேட்டாள், "அந்தப் பொண்ணு முடிய வெட்டிக்கிட்டு வந்து நின்னப்ப உங்களுக்கு இது தெரியுமா?"

"அப்பத் தெரியாது. போன குறுவையிலேருந்து தெரியும்."

"என்கிட்டகூடச் சொல்லல."

"சொல்லல."

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது" என்றாள். "சொல்ல வேண்டியவ திருவாரூர்ல இருக்கா." இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு போட்டாள், பேசவில்லை. நான் கடிதம் எழுதப் போகிறேன் என்றதும், "நாலு பேருக்கு முன்னாடி கேலி பண்ணிட்டு, தனியாக் கடுதாசி போட்டா சரியாப் போயிடுமா?" என்றாள். சரியாகப் போகாதுதான். உன் அத்தைக்கும் சின்ன தாத்தாவுக்கும் நேற்று நானே போன் பண்ணி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். உன் அத்தை, "அன்னிக்கு நானும் சிரிச்சேனேண்ணே" என்றாள். சாமிநாதன் வீட்டுக்கும் சைக்கிளில் போனேன். மருமகள் முடியோடு நிறுத்தாமல், அரைகுறை வேலை செய்தவர் என்று ஊரெல்லாம் அவரையும் பேசிவிட்டு, நெல் குதிருக்குத் தளம் போட வேறு ஆளைக் கூப்பிட்டவன் நான். "நான் அன்னிக்கே போன்ல கேட்டேனே ஐயா" என்றார். கேட்டீர்கள் என்றேன். காப்பி கொடுத்தார்.

உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதே ஆட்கள்தான் வருவார்கள். எல்லாரும் சாப்பிட உட்காரும்போது எழுந்து நின்று சொல்ல நான் தயார். ஆனால் அந்தப் பேச்சை மறுபடி நாலு பேர் நடுவில் எடுப்பதே அகிலாவுக்குக் கூச்சம் என்றால் வேண்டாம். அவள் எப்படிச் சொல்கிறாளோ அப்படி. நீ அவளுக்காகப் பதில் சொல்லாதே, அது உன் பழக்கம், என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. இந்தத் தாள்களை அவள் கையில் கொடு. நீ படித்துச் சொன்னால் அப்பா மேல் உள்ள பாசத்தில் சில வரிகளை விழுங்கிவிடுவாய்.

வேலையை எனக்காக நிறுத்தி வைக்காதே. நான் வந்தாலும் வராவிட்டாலும் இதைச் செய். பைப்புக்கு நாலு அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் கொடுக்கச் சொல். அதிகம் சாய்த்தால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதே, தண்ணீர் ஓடிவிடும், கசடு தங்கிவிடும். சட்டென்று மடங்குகிற எல்போ போட விடாதே, தணிந்த வளைவாகப் போட்டால் பின்னாளில் கம்பி சுலபமாக நுழையும். வெளியே பைப் திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு சேம்பர் இருக்கட்டும், அதன் மேல் ஆசையாகச் சிமெண்டு பூசிப் பூந்தொட்டி வைத்துவிடாதே. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் பத்து வாளித் தண்ணீர் ஊற்றி, வெளியே சேம்பரில் பத்தும் வருகிறதா என்று நீயே நின்று பார். நான் அந்தப் பத்து நிமிஷம் நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆசிட் ஊற்றாதே, வெந்நீர் ஊற்றாதே, பைப் மூட்டு விட்டுப்போகும். ஓட்டைத் தட்டை வாரத்துக்கு ஒரு தடவை தூக்கிச் சுத்தம் பண்ணு. அகிலா வேலை என்று விடாதே, நீ பண்ணு. முடி விழத்தான் செய்யும், மனிதர்கள் குளிக்கிற இடம். உன் தலையிலிருந்தும்தான் கொட்டுகிறது, போன தடவையே பார்த்தேன். பைப்பு வாய்க்குக் கடையில் விற்கிற மூடியை வாங்கி வை. மூன்று வைத்தால் மூன்றையும் கையில் எடுத்து எண்ணிப் பார்த்த பிறகு கொத்தனாருக்குச் சொல்.

அவள் "வாங்க" என்று சொன்னால் முதல் பஸ்ஸில் வருகிறேன். அசோகா வாங்கி வர மாட்டேன். சொல்லாவிட்டால் அதற்கும் அவளுக்கு நியாயம் உண்டு, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், உன் அம்மாவை மட்டும் அனுப்பி வைக்கிறேன்.

இன்று காலையில் உன் குளியலறையில் தனியாக நின்று ஒரு வாளி ஊற்றினேன். தண்ணீர் நிற்கவில்லை. அன்றைக்கு அகிலா நின்ற இடத்தில்தான் நின்றேன். "மாமா, இப்பவும் நிக்குது" என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்தப் பெண்ணுக்கு நான் நேரான பதில் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டேன். அந்தப் பதிலை இப்போது சொல்கிறேன், இந்த வரியை அவள் படிக்கட்டும்.

உன் முடி இல்லம்மா. நான் வச்ச சாக்கு.

அப்பா